'சும்மாதான் சொல்றான்' என்கிற வாசிப்பு

"ஏதோ கோவத்துல சொல்றான், வெட்டிடவா போறான்?" சேரிக்கு மிரட்டல் வரும்போதெல்லாம் இப்படி ஆறுதல் சொல்ல ஆட்கள் உண்டு. சொல்பவர்களின் கூரை எரியப்போவதில்லை. இந்தக் குரல் காவல்நிலையத்தில் மட்டுமல்ல, இலக்கியத்திலும் கேட்கிறது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதை வைத்து எழுதப்பட்ட இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்றது. பண்ணையாரின் வன்மத்துக்கான காரணத்தை அந்நாவல் அவருடைய ஆண்மைக்குறைவில் தேடுகிறது. கூலி கேட்டதும் சங்கம் வைத்ததும் பின்னுக்குப் போய்விடுகின்றன. ஒருத்தனுடைய உடற்கோளாறுதான் காரணம் என்றால் அடுத்த ஊர்ச் சேரி பயப்பட வேண்டியதில்லையே! உயர் நீதிமன்றமோ, பணக்கார மிராசுதார்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்பவில்லை. அங்கே நோயாளி, இங்கே கனவான். இரண்டு வாசிப்பிலும் சாதி தப்பித்துக்கொள்கிறது.

மேலவளவைப் பாருங்கள். 1996இல் ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டினார்கள்; வேட்புமனுக்கள் திரும்பப் பெறப்பட்டன. கொலை விழவில்லை. அப்போ அது வெறும் வாய்ப்பேச்சா? இல்லை, மிரட்டல் தன் வேலையை முடித்திருந்தது. பணிந்தவரை வெட்டத் தேவையில்லை. பணியாத முருகேசன் அவ்வாண்டின் கடைசியில் தலைவரானார், பாதுகாப்பும் கேட்டார். 1997 ஜூன் 30, பட்டப்பகலில், மதுரை ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது அவரையும் சேர்த்து 6 தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே, "இதுவரைக்கும் ஒண்ணும் நடக்கலையே" என்பது சான்றல்ல. அது நாம் பணிந்திருந்ததன் கணக்கு. கேட்க வேண்டியவை வேறு. சொன்னவன் பின்னால் எத்தனை பேர்? முன்பு செய்துவிட்டுத் தப்பியிருக்கிறானா? மனு கொடுத்த பிறகு காவல் வந்ததா? நாம் மீறப்போகிற நாள் எது? அந்த நாளில்தான் ஆபத்து கூடுகிறது.

வாக்களிக்க விடாமல் மிரட்டுவதையே குற்றமாக்கியது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். வேட்புமனுவைத் தடுக்கும் மிரட்டலையும் 2015 திருத்தம் அதில் சேர்த்தது. மிரட்டல் நிறைவேறட்டும் என்று சட்டம் காத்திருக்கவில்லை. பிணம் விழுந்த பிறகுதான் மிரட்டலை நம்புவேன் என்கிற வாசிப்பு, நாவலானாலும் தீர்ப்பானாலும், மிரட்டியவன் திண்ணையில் உட்கார்ந்து வாசிக்கிற வாசிப்புதான்.