அசோக் மித்ரா: கோபமும் கணக்கும்

பொருளாதாரம் எழுதுகிறவனை இலக்கியப் பத்திரிகையில் விமர்சிப்பது நம் வழக்கம் இல்லை. கவிதை, நாவல், சிறுகதை, மிஞ்சிப்போனால் நாடகம் என்று ஒரு வட்டம் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். உரைநடை என்றாலே புனைகதையின் உரைநடைதான் என்கிற நினைப்பு நம்மில் பலருக்கு உண்டு. விலைவாசியையும் பட்ஜெட்டையும் பற்றி ஒருவர் ஆண்டுக் கணக்கில் பத்தி எழுதி வந்தால் அதில் ஒரு நடை உருவாகியிருக்கும், அந்த நடைக்கும் அவர் கொள்கைக்கும் ஓர் உறவு இருக்கும், சில சமயம் அந்த உறவு அறுந்தும் போகும் என்பதெல்லாம் நம் அக்கறைக்கு வெளியே நிற்கின்றன. அசோக் மித்ராவைப் படித்த பிறகு இந்த வட்டம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அவர் வாழ்க்கையை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். 1928-ல் டாக்காவில் பிறந்தவர். பிரிவினை அவரை இந்தப் பக்கம் தள்ளியது. காசியில் எம்.ஏ., ராட்டர்டாமில் யான் டின்பர்கனிடம் ஆராய்ச்சி. பிறகு உலக வங்கியின் பயிற்சி நிறுவனம், கல்கத்தாவில் மேலாண்மைக் கழகத்துப் பேராசிரியர் வேலை, டில்லியில் விவசாய விலைக் கமிஷனின் தலைமை, 1970-லிருந்து 1972 வரை மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர் பதவி. 1977-ல் மேற்கு வங்காளத்தில் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தபோது ஜோதி பாசுவின் நிதி மந்திரி. 1986-ல் பாசுவோடு கருத்து வேற்றுமைப்பட்டு விலகினார். 1993-லிருந்து 1999 வரை ராஜ்ய சபை உறுப்பினர். 2018 மே 1 அன்று கல்கத்தாவில் இறந்தார். இப்படி வரிசைப்படுத்தினால் ஏணிப்படியில் ஏறிப் போன ஓர் அதிகாரியின் சரித்திரம் மாதிரி இருக்கிறது. ஆனால் அவர் எழுத்து ஏறிப் போனவனின் எழுத்து அல்ல. எதையோ பறிகொடுத்துவிட்டு, பறித்தவன் யார் என்று கடைசிவரை விடாமல் விசாரித்துக்கொண்டிருந்தவனின் எழுத்து.

1972-ல் டில்லிப் பதவியை விட்டு வந்ததும் பம்பாயிலிருந்து வெளிவரும் ‘எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி’யில் ‘கல்கத்தா டைரி’ எழுதத் தொடங்கினார். சச்சின் சௌத்ரி 1949-ல் தொடங்கிய ‘எகனாமிக் வீக்லி’ 1966-ல் இந்தப் பெயரில் மறுபிறவி எடுத்தது. பேராசிரியர்களின் அட்டவணைகளுக்கும் அடிக்குறிப்புகளுக்கும் நடுவில், இரண்டே எழுத்துக் கையொப்பத்தோடு இந்தப் பத்தி வரும். எழுபதுகளின் தொடக்கத்தில் கல்கத்தாவில் நக்ஸலைட் இளைஞர்கள் தெருவில் சுடப்பட்டார்கள். சிறைகள் நிரம்பி வழிந்தன. பொருளாதார நிபுணர்கள் வளர்ச்சி விகிதம் பேசிக்கொண்டிருந்த அதே பக்கங்களில் இவர் அந்தச் சாவுகளைப் பற்றி எழுதினார். பிரபலமாகாமல் இறந்துபோன நண்பர்களைப் பற்றி எழுதினார். கிரிக்கெட்டைப் பற்றியும் கவிஞர்களைப் பற்றியும் எழுதினார்.

இது எங்கிருந்து வந்தது? பொருளாதாரத் துறையிலிருந்து வரவில்லை. மித்ரா புத்ததேவ போஸின் ‘கவிதா’ பத்திரிகை வட்டத்தோடு பழகி வளர்ந்தவர், ஜீவனானந்த தாஸின் ரசிகர். வங்காளியில் எழுதிய ‘தால் பேதால்’ கட்டுரைகளுக்கு 1996-ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. டைரியின் அமைப்பு வங்காளிகளின் ‘அட்டா’விலிருந்து, அந்த மாலை நேரத்து அரட்டையிலிருந்து பிறந்தது. ஒரு சாவில் ஆரம்பிக்கும். ஒரு பழைய தெருவுக்குப் போகும். அங்கிருந்து ஒரு வரிவிதிப்புக்கு, ஒரு மந்திரியின் பொய்க்கு வந்து சேரும். இணைப்புகளைத் தர்க்கத்தால் மட்டும் அவர் போடுவதில்லை, கோபத்தால் போடுகிறார். பெரும்பாலும் அது செல்லுபடியாகிறது.

தான் கனவான் அல்ல, கம்யூனிஸ்ட் என்று அவர் சொன்னது பிரசித்தம். அவர் ஆங்கிலத்தைப் படிக்கிறவனுக்கு இதில் ஒரு வேடிக்கை தெரியும். எடை கூடிய சொற்கள், மடிந்து மடிந்து போகும் வாக்கியம், அகராதியை எடுக்கவைக்கும் சொல்தேர்வு என்று எல்லாமே பத்ரலோக்கின் சொத்து. பத்ரலோக்கைத் திட்டுவதற்கு அவருக்குக் கிடைத்த ஆயுதம் பத்ரலோக் மொழிதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எளிமையாக எழுதினால் மக்கள் எழுத்தாகிவிடும் என்று நம்புகிற நம் முற்போக்கு நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். யார் வீட்டு மொழியில் ஒருவன் உண்மையாகக் கோபப்பட முடியுமோ அந்த மொழியில்தான் அவன் எழுத முடியும். இரவல் எளிமை காலில் ஒட்டாத செருப்பு மாதிரி சத்தம் போடும்.

இனி கணக்குக்கு வரலாம். 1977-ல் வந்த அவருடைய ‘வாணிப விகிதமும் வர்க்க உறவுகளும்’ (தலைப்பின் தமிழ் என்னுடையது) என்ற நூலின் வாதத்தைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: விவசாயப் பொருள்களுக்கும் தொழிற்சாலைப் பொருள்களுக்கும் இடையிலுள்ள விலை விகிதத்தைத் தீர்மானிப்பது சந்தை மட்டும் அல்ல, அரசியல். நகரத்து முதலாளிக்கு ஆட்சி வேண்டும்; ஆட்சிக்குக் கிராமத்து ஓட்டு வேண்டும்; கிராமத்து ஓட்டு பணக்கார விவசாயியின் கையில் இருக்கிறது. ஆகவே அவனுக்குச் சாதகமான கொள்முதல் விலை ஒரு கூலியாகக் கொடுக்கப்படுகிறது. உணவு தானியத்தின் விலை ஏறும்போது, தானியத்தை விலைக்கு வாங்கித் தின்கிற கூலிக்காரனும் சிறு விவசாயியும் நகரத் தொழிலாளியும் துணிக்கும் சாமானுக்கும் செலவழிக்கக் காசில்லாமல் போகிறார்கள். தொழிற்சாலைச் சரக்கு தேங்குகிறது. அறுபதுகளின் நடுவில் இந்தியத் தொழில் வளர்ச்சி நின்றுபோனதற்கு இதுவே காரணம் என்கிறார். எழுதியவர் ஒருகாலத்தில் அந்த விலைகளைச் சிபாரிசு செய்யும் கமிஷனுக்கே தலைவராக இருந்தவர் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால், அந்தப் புத்தகம் ஒரு வாக்குமூலமாகவும் தெரியும்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளையில் நகைக்கடன் கவுண்ட்டர் என்னுடையது. இங்கே ஒரு நிலவரம் உண்டு. சிட்டா, அடங்கல் கொண்டுவருகிறவருக்கு அதே பவுன் விவசாயக் கடனாகப் பதிவாகும், வட்டி குறைவு. நிலமில்லாத கூலிக்காரப் பெண் கம்மலைக் கழற்றி வைத்தால் அது சாதாரண நகைக்கடன், வட்டி கூடுதல். தராசு ஒன்றுதான், உரைகல்லும் ஒன்றுதான். ஒருநாள் ஒரு அம்மாள் என்னிடம், “எந் தங்கம் மட்டும் மட்டமா சாமி?” என்று கேட்டாள். விதியைச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு கைநாட்டு வைத்தாள். அன்று ராத்திரி மித்ராவின் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். அட்டவணைகளில் பிடிபடாமல் இருந்தது பிடிபட்டது. அரசு ஒரு வர்க்கத்துக்குத் தரும் சலுகை, கையில் நிலம் இருக்கிறதா என்ற கேள்வியாக மாறி, என் கவுண்ட்டர் வரைக்கும் வந்திருக்கிறது.

ஆனால் அதே லெட்ஜரில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிட்டாவோடு வருகிறவர்களில் பலர் ஒவ்வோர் ஆண்டும் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்துவிட்டுப் போகிறவர்கள். நகையை மீட்டுக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை. இவர்களை ஆளும் கூட்டணியின் பங்காளிகள் என்று எப்படிச் சொல்வது? எழுபதுகளில் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் கோவைப் பக்கத்து விவசாயிகள் மின்கட்டணத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1972-ல் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவைத் தெருக்களை அடைத்தார்கள். துப்பாக்கிச் சூடுகளும் நடந்தன. பம்ப்செட் முதலாளிகள் என்று அவர்களை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். ஆனால் பெரிய தோட்டக்காரனோடு மூன்று ஏக்கர்க்காரனும் அந்த வண்டிகளில் வந்தான். மித்ராவின் விகிதத்தில் அவனுக்கு இடம் இல்லை.

வரலாறும் அவர் வாதத்தை முழுதாக ஆதரிக்கவில்லை. எழுபதுகளின் நடுவிலிருந்து விலை விகிதம் விவசாயத்துக்குப் பாதகமாகத் திரும்பியது. தொழில் தேக்கத்துக்கு வேறு காரணம் சொன்னவர்களும் உண்டு. 1966-லிருந்து மூன்று ஆண்டுகள் ஐந்தாண்டுத் திட்டமே நிறுத்திவைக்கப்பட்டது, அரசு முதலீடு சுருங்கியது, தேக்கம் அதன் விளைவு என்றார்கள் அவர்கள். இதை அவர் வாதத்தால் எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும், விலை என்பது ஒரு வர்க்க உறவு என்ற அடிப்படைப் பார்வை நிற்கிறது. தவறிய முடிவுக்குள் சரியான கேள்வி ஒன்றை விட்டுப்போன புத்தகம் அது. நம் இலக்கிய விமர்சனத்திலும் அப்படிப்பட்ட புத்தகங்களால்தான் நாம் கற்றிருக்கிறோம்.

புத்தகம் வந்த வருஷமே மித்ரா மந்திரியானார். இங்கேதான் நமக்கு உண்மையான பிரச்னை. நிதி மந்திரியாக அவர் மாநிலங்களுக்காகப் போராடினார். வரி திரட்டும் அதிகாரமும் வங்கிகளும் மத்தியிடம், செலவுப் பொறுப்பு மாநிலத்திடம் என்ற ஏற்பாட்டை அவரைப் போல விடாமல் சாடியவர்கள் குறைவு. (ராஜமன்னார் குழுவின் 1971 அறிக்கையை அறிந்த நமக்கு இது புதிய விஷயம் அல்ல. இரண்டு ஊர்களும் வேறு வேறு வழியில் ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன.) 1983-ல் சர்க்காரியா கமிஷன் நியமிக்கப்பட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்ட குரல்களின் நெருக்குதல் இருந்தது.

அதே காலத்தில், 1979-ல், மரிச்ஜாப்பி நடந்தது. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து தண்டகாரண்யத்தில் குடியமர்த்தப்பட்ட தாழ்த்தப்பட்ட அகதிகள் அங்கே பிழைக்க முடியாமல் சுந்தரவனத்தின் அந்தத் தீவுக்கு வந்து குடிசை போட்டார்கள். இடதுசாரி அரசு முற்றுகையிட்டது. ஜனவரியில் துப்பாக்கிச் சூடு, மே மாதம் தீவு காலி. செத்தவர்கள் எத்தனை பேர் என்பது இன்னும் தீராத தர்க்கம். டாக்காவிலிருந்து வந்தவர் அந்த அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தார். அதற்காக அவர் ராஜினாமா செய்யவில்லை.

2007-ல் நந்திகிராமத்தில் நிலப்பறிப்பை எதிர்த்தவர்கள்மீது அதே முன்னணியின் போலீஸ் சுட்டது. மார்ச் 14 அன்று பதினான்கு பேர் செத்தார்கள். அந்த ஆண்டு மித்ரா வங்காளிப் பத்திரிகையில் தன் கட்சிக்காரர்களுக்கு எதிராகப் பகிரங்கமாக எழுதினார். எழுபத்தொன்பது வயதில், வாழ்நாள் தோழர்களின் பகையை வாங்கிக்கொண்டு எழுதினார். அந்தத் துணிவை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 1979-ஐயும் 2007-ஐயும் சேர்த்துப் படிக்காமல் அவரைப் படித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நாற்காலியில் இருக்கும்போது ஒருவனுடைய கோபம் எங்கே போகிறது? மத்திய சர்க்காரை நோக்கிப் போயிற்று என்பது ஒரு பதில். அது நேர்மையான பதில்தான். போதுமான பதில் அல்ல.

நம்மில் ஒரு சாரார், கட்சியைத் தொட்டால் எழுத்து கெடும் என்று தள்ளியே நிற்கிறோம். இன்னொரு சாரார் எழுத்து என்பது தீர்மானத்தின் வால் என்று நினைக்கிறார்கள். மித்ரா இரண்டு பேரையும் தொந்தரவு செய்கிறார். கட்சியை அவர் கடைசிவரை மனத்தால் விடவில்லை, அவர் நடை கெடவும் இல்லை. ஆனால் நடை கெடாமல் இருப்பது ஒருவனைக் காப்பாற்றிவிடாது என்பதற்கும் அவரே சாட்சி.

எங்கள் யூனியனில் ஒரு நண்பர் இருக்கிறார். மித்ராவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், “நல்லா எழுதுங்க தோழர், ஆனா மரிச்ஜாப்பிய விட்டுடுங்க” என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. விடவில்லை. நந்திகிராமத்துக்குப் பிறகு மித்ரா எழுதியதைப் படித்தவனுக்கு அதை விட முடியாது.