ஆனைக்கு வந்தவனும் ஜ்யோதிஷ்குடியும்

திருவாய்மொழி மூன்றாம் பத்தின் முதல் திருவாய்மொழியில் ஒன்பதாம் பாசுரம் உபந்யாஸங்களில் அடிக்கடி எடுக்கப்படுவது. ஸங்கல்பத்தாலேயே உலகங்களை நிர்வஹிக்க வல்லவன் ஒரு களிற்றுக்காகத் திருவாழியும் கையுமாய்ப் பெரிய திருவடிமேல் தோன்றினான். இருந்த இடத்திலிருந்தே நினைவால் காத்திருப்பானாகில் அவன் தேஜஸ் குன்றாதோ என்பது ஆழ்வார் திருவுள்ளம்.

இதற்கு இந்நாளில் சொல்லப்படும் பொருள், ‘கூப்பிட்டால் வருவான்; வந்தால் ஆபத்து நீங்கும்’ என்பது. கேட்க இனிதாயிருப்பினும் இப்பொருள் நிரம்பாது. ஆபத்து நீங்கப்பெறாதவர்க்கு ‘உமக்கு விச்வாஸம் போதாது’ என்றோ, ‘பெரிய காரியம் ஒன்றைத் திருவுள்ளம்பற்றி உம்மைக் கைவிட்டான்’ என்றோ சொல்ல நேரிடும். இரண்டிற்கும் இப்பாசுரத்தில் இடமில்லை என்பதே அடியேன் விண்ணப்பம்.

முதலில், களிறு வேண்டியது யாது என்று நோக்கவேண்டும். ஆழ்வார் அதனைத் துன்புற்ற களிறு என்னாமல், தொழுவதில் ஆசையுடைய களிறாகவே பேசுகிறார். துதிக்கையில் எடுத்த பூ செவ்வி மாறுவதற்குமுன் திருவடிகளில் சேரவேண்டுமே என்பதே அதன் ஆர்த்தி என்று பூர்வாசார்யர்கள் நிர்வஹிப்பர். ஆகையால் அங்கே காக்கப்பட்டது கைங்கர்யம். உடல் அதற்கு உறுப்பாகவே காக்கப்பட்டது.

இரண்டாவது, முதலையை முடிக்க ஸங்கல்பம் போதாமையால் அவன் வரவில்லை. போதுமாயிருந்தும் வந்தான் என்பதிலேயே வாத்ஸல்யம் தெரிகிறது. உலகை நிர்வஹிப்பது பெரிது, ஒரு விலங்கின் பூ சிறிது என்னும் கணக்கு நம்முடையதேயன்றி அவனுடையதன்று. பெரிதுக்காகச் சிறியதை விட்டான் என்பார் இப்பாசுரத்தையே மறந்தாராவர்.

விச்வாஸம் பற்றியும் ஒரு சொல். மஹாவிச்வாஸத்தை வேதாந்த தேசிகன் ப்ரபத்திக்கு அங்கமாக நிரூபித்தார். பிள்ளைலோகாசார்யர் ப்ரபத்தியை அதிகாரி விசேஷணமாகக் கொண்டு, எம்பெருமானையே உபாயமாக அறுதியிட்டார். இந்த பேதம் எப்படியாயினும், முமுக்ஷுவின் விச்வாஸத்தைத் தேக ரக்ஷணத்திற்குக் கொடுக்கும் விலையாக இருவரும் கொள்ளவில்லை. எனவே புத்ர சோகத்தில் இருப்பவனிடம் விச்வாஸக் குறை கூறுவது எந்த ஸம்ப்ரதாயத்திற்கும் சேராது.

இதற்கு உதாஹரணம் தேடி வெகுதூரம் போகவேண்டா. ஈட்டை ஏடுபடுத்தியவர் வடக்குத் திருவீதிப்பிள்ளை. அவர் திருக்குமாரர் பிள்ளைலோகாசார்யர். திருவரங்கத்தின்மேல் படை வந்தபோது, முதிர்ந்த வயதில் நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு தெற்கே சென்று, மதுரையை அடுத்த ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். ஆனைக்கு வந்த திருவாழி அன்று புறப்படவில்லை. நம்பெருமாள் திருவரங்கத்துக்கு மீண்டது 1371இல்; கோபணாரியர் பெயர் பொறித்த கல்வெட்டு இன்றும் அங்கே உண்டு. பிள்ளைலோகாசார்யர் அதைக் காணவில்லை. ஆயினும் அவர் வேண்டியது உயிர்க்காப்பன்று. பெருமாளுக்குத் தீங்கு வாராமையே. அது வீணாகவில்லை. தந்தையார் எழுதிய பாசுரப்பொருளைத் திருமகனார் அநுஷ்டானத்தால் காட்டினார் என்னலாம்.

அடியேனுக்கு ஒன்பது பிராயத்தில் தம்பி ஜ்வரத்தால் மறைந்தான். ஆசௌசம் கழிந்து தகப்பனார் எங்களுக்கு மறுபடி பாடம் தொடங்கியபோது, விட்ட இடம் இத்திருவாய்மொழி. உள்ளிருந்து தாயார், “ஆனைக்கு வந்த பெருமாள் நம் குழந்தைக்கு ஏன் வரலை?” என்றார். தகப்பனார் விடை சொல்லவில்லை. ஸமாதானம் சொல்லிக் கேள்வியை அடக்கவும் இல்லை. சற்றுப் பொறுத்துப் பாடத்தைத் தொடர்ந்தார். மறுநாள் விடியலில் தாயார் வழக்கம்போல் பூத்தொடுத்துக் கோயிலுக்கு அனுப்பினார். அக்கேள்விக்கு அடியேனிடம் இன்றும் முழு விடை இல்லை. ஆனால் அந்தப் பூவைக் காணாமல் இப்பாசுரத்திற்குப் பொருள் சொல்லலாகாது என்று மட்டும் துணிந்திருக்கிறேன்.

பிழையுளதாகில் பெரியோர் பொறுத்தருள ப்ரார்த்திக்கிறேன்.