கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆடலாமா?

"கண்ணாடியைக் கழட்டி வெச்சிட்டு வந்து வரிசையில நில்லு." தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களில் பல தலைமுறைகளாக ஒலிக்கும் கட்டளை இது. கபடிக்கும் இதுதான், பிரமிடுக்கும் இதுதான், குட்டிக்கரணத்துக்கும் இதுதான். சொல்லும் ஆசிரியருக்குப் பிள்ளையின் மேல் அக்கறை உண்டு. கேட்கும் பிள்ளைக்கும் மறுக்கத் தோன்றாது. ஆனால் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகும் குழந்தைக்கு இந்த வழக்கம் எதுவரை பொருந்தும், எந்த இடத்தில் ஆபத்தாகும் என்று நாம் நிதானமாக யோசித்ததில்லை. கண்ணாடி வாங்கும்போது கரும்பலகையையும் பாடப் புத்தகத்தையும் மட்டும் மனத்தில் வைத்து வாங்குகிறோம். பிள்ளை என்ன விளையாடுகிறது என்று கடையிலும் கேட்பதில்லை, வீட்டிலும் சொல்வதில்லை.

ஆரணியில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணம் உண்டு. பட்டுக்கும் அரிசிக்கும் பேர்போன ஊர் இது. தறி ஓடும் வீடுகளில் கண்தான் பிழைப்பு. நாற்பதைக் கடந்த நெசவாளிக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டால் இழை அறுந்த இடம் சட்டென்று தெரியாது. புட்டாவில் சரிகை தப்பியதும் தெரியாது. அவருக்குக் கண்ணாடி எழுதும் விவரமான பரிசோதகர், "தறியில உட்கார்ந்தா எவ்வளவு தூரத்துல பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் பவரை முடிவு செய்வார். செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்கு எழுதிய கண்ணாடியோடு தறியில் உட்கார்ந்தால், நாள் முழுக்கக் குனிந்தே முதுகு போய்விடும். செய்யும் வேலையைப் பார்த்துக் கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கும் இந்த அறிவு, அதே வீட்டுப் பிள்ளையின் ஆட்டத்துக்கும் நீள வேண்டும் என்பதே என் வாதம்.

கழற்றுவதில் உள்ள நியாயம்

கழற்றிவிட்டு ஆடும் வழக்கத்தை மூடத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் ஸ்டீபன் நெடோரோசிக் உலகமே பார்க்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொம்மல் ஹார்ஸ் கருவியில் ஏறினார். குழுப் போட்டியில் ஒரு வெண்கலம், தனிப் போட்டியில் ஒரு வெண்கலம் பெற்றார். மாறுகண்ணும், கோலபோமா எனும் பிறவிக் கண் குறையும் உள்ளவர் அவர். பார்த்து ஆடுவதைவிடக் கை உணர்வைக் கொண்டே ஆடுவதாக அவர் சொன்னார். உடலின் சமநிலையைக் கண் மட்டும் காப்பதில்லை. உள்காதும் தசைகளும் மூட்டுகளும் சேர்ந்து காக்கின்றன. நன்றாகப் பழகிய அசைவைக் கண்ணின் துணை குறைந்தாலும் உடல் செய்துவிடும்.

இரண்டாவது நியாயம் பாதுகாப்பு. படிப்புக்கு வாங்கிய கம்பிப் பிரேமோடு முன்கரணம் அடித்தால், தலை கீழே போகும் கணத்திலேயே பிரேம் மூக்கிலிருந்து நழுவும். விழுந்து மிதிபட்டால் கண்ணாடி செலவு. முகத்தோடு சேர்ந்து தரையில் மோதினால் மூக்கோரத்து உலோகக் கம்பியே கண்ணருகில் குத்தும். விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள் திறமாக ஆடும் மல்லர் கம்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கெண்ணெய் பூசிய மரக்கம்பத்தைத் தொடையாலும் அக்குளாலும் பற்றி, கன்னம் கம்பில் உரசும் அளவுக்கு ஒட்டித் தலைகீழாகச் சுழலும் ஆட்டம் அது. அங்கே சாதாரணக் கண்ணாடிக்கு இடமே இல்லை. இந்த இடத்தில் உடற்கல்வி ஆசிரியரின் கட்டளை சரியானதே.

கழற்றினால் எது தெரியாமல் போகும்?

சிக்கல், எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கருவிக்கும் இந்த ஒரே கட்டளையை நீட்டுவதில் இருக்கிறது. கிட்டப்பார்வையின் கணக்கு எளிது. மைனஸ் 1 பவர் உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு மீட்டர் வரை தெளிவாகத் தெரியும். மைனஸ் 2 என்றால் அரை மீட்டர். மைனஸ் 4 என்றால் கால் மீட்டர், அதாவது ஒரு சாணைவிடச் சற்றே அதிகம். அதற்கு அப்பால் எல்லாம் மங்கல்.

இதைக் கருவிகளோடு வைத்துப் பாருங்கள். பெண்கள் ஆடும் பேலன்ஸ் பீமின் அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர், உயரம் 125 சென்டிமீட்டர். அதன்மேல் நிற்கும் பத்து வயதுச் சிறுமியின் கண்ணுக்கும் காலடிக்கும் இடையே ஒரு மீட்டருக்கும் மேல் இருக்கும். மைனஸ் 1 உள்ளவளுக்குப் பீமின் விளிம்பு கொஞ்சம் மங்கும்; சமாளித்துவிடுவாள். மைனஸ் 4 உள்ளவளுக்குக் கால் வைக்கும் இடத்தின் ஓரமே கலங்கிப்போகும். ஓடிவந்து கையூன்றித் தாவும் வால்ட்டில் ஓட்டம் 25 மீட்டர் வரை நீளும். ஓடும்போதே மிதிபலகையைப் பார்த்துக் கடைசிச் சில எட்டுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் ஜிம்னாஸ்ட் சரியான இடத்தில் மிதிக்கிறாள். பலகை புகைமூட்டமாகத் தெரிந்தால் மிதி தப்பும். மிதி தப்பினால் கையும் தப்பும். பின்கரணத்திலும் அப்படித்தான். பார்வை கிடைக்கும்போது ஜிம்னாஸ்டுகள் தரையில் உறுதியாக இறங்குவதும், பார்வையை மறைத்தால் தடுமாறுவதும் சோதனைகளில் நிறுவப்பட்டிருக்கின்றன.

நெடோரோசிக்கின் உதாரணம் இங்கேதான் தன் எல்லையைக் காட்டுகிறது. பொம்மல் ஹார்ஸில் ஆட்டம் முழுக்கக் கை கருவியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தொட்டால் தெரியும் ஆட்டத்துக்குக் கண்ணைக் குறைத்துக்கொள்ளலாம். காற்றில் பறந்து திரும்பக் கருவியையோ தரையையோ தேடும் ஆட்டத்தில் அது நடக்காது. மேலும் அவர் முதிர்ந்த வீரர். பல்லாயிரம் முறை செய்ததைச் செய்கிறார். நம் பிள்ளை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. கோச் ஐந்து மீட்டர் தள்ளி நின்று காலை நீட்டிக் காட்டுவதும் உடலை இறுக்கிக் காட்டுவதும் தெரியாமல் அது எப்படிக் கற்கும்? மங்கலாகக் கற்ற குழந்தையை நாம் "பயந்தாங்கொள்ளி" என்றும் "கவனமில்லை" என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த வழக்கத்தில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

நான்கு மாற்றுகள்

முதல் மாற்று, இருக்கும் கண்ணாடியையே பட்டையால் தலைக்குப் பின்னால் இறுக்கிக்கொள்வது. செலவு மிகக் குறைவு. அமெரிக்காவின் மோர்கன் ஹர்ட் 2017 மான்ட்ரியால் உலகப் போட்டியில் கண்ணாடி அணிந்தபடியே ஆடி ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கமும் பீமில் வெள்ளியும் வென்றார். கண்ணாடி போட்ட பெண்ணால் உயர்ந்த நிலையில் ஆட முடியாது என்ற எண்ணத்துக்கு அந்த வெற்றியே பதில். ஆனால் பட்டை பிரேமைப் பிடித்து வைக்குமே தவிர, பிரேமைப் பாதுகாப்பானதாக ஆக்காது. லென்ஸ் எதனால் ஆனது என்பதே முக்கியம். கண்ணாடியாலேயே ஆன பழைய வகை லென்ஸ் கூடவே கூடாது. கடைகளில் வழக்கமாகத் தரும் பிளாஸ்டிக் லென்ஸும் பலத்த அடியில் உடைந்து கூர்மையான சில்லாகலாம். பாலிகார்பனேட் லென்ஸ் அடிக்கு எளிதில் உடையாது, எடையும் குறைவு. கீறல் விழுவது அதன் குறை. கை வழுக்காமல் இருக்கப் பூசும் பொடி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்தால் ஒரே மாதத்தில் கீறி மங்கிவிடும். தண்ணீரில் அலசித்தான் துடைக்க வேண்டும்.

இரண்டாவது, பவர் போட்ட விளையாட்டுக் கண்ணாடி. பாலிகார்பனேட் லென்ஸ், உலோகமில்லாத பிரேம், மூக்கில் ரப்பர் மெத்தை, பின்னால் அகலப் பட்டை. பாதுகாப்பில் இதுவே முதலிடம். ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ள குழந்தைக்கு, அந்த ஒரே கண்ணைக் காக்க இது கட்டாயம். இதற்கும் குறைகள் உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கூடத்தில் ஆடும் பிள்ளைக்கு வியர்வையில் லென்ஸ் மூடிக்கொள்ளும். முகத்தைச் சுற்றி வளைந்த பிரேமில் அதிகப் பவரை அப்படியே போட்டால் ஓரங்களில் காட்சி திரியும். வளைவுக்கு ஏற்பப் பவரைத் திருத்தித் தரத் தெரிந்த கடை வேண்டும். தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தித் தரையைத் தேடும் கணத்தில் பார்வை பிரேமின் கீழ் விளிம்புக்கு வெளியே போய்விடும். ஆகவே கீழ்ப்பக்கம் இறங்கிய பிரேமாகப் பார்த்து எடுக்க வேண்டும். மைனஸ் 4 பவரில் காட்சி ஏறத்தாழ 5 சதவீதம் சிறிதாகவும் தெரியும். எப்போதும் ஒரே கண்ணாடியோடு பழகினால் உடல் இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். ஒரு நாள் போட்டு ஒரு நாள் கழற்றினால் அந்தப் பழக்கம் கைகூடாது.

மூன்றாவது, காண்டாக்ட் லென்ஸ். ஆட்டத்துக்கு மிகவும் இசைவானது என்பதில் ஐயமில்லை. பிரேம் இல்லை, விளிம்பு இல்லை, காட்சி சுருங்குவதும் இல்லை. குழந்தைகளுக்கு இது ஆகாது என்ற அச்சமும் முழுக்கச் சரியல்ல. அமெரிக்காவில் 8 முதல் 11 வயது வரையுள்ள 484 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, 2009-இல் வெளியிட்ட ஆய்வில், லென்ஸ் அணிந்தவர்கள் தங்கள் விளையாட்டுத் திறன் மேல் கொண்ட நம்பிக்கை கண்ணாடி அணிந்தவர்களைவிட உயர்ந்திருந்தது. ஆனாலும் இந்த மாற்று குழந்தையின் வயதைவிட அதன் ஒழுங்கைச் சார்ந்தது. மல்லர் கம்பத்து விளக்கெண்ணெயோ, பாரைப் பிடிக்கும் முன் கையில் பூசும் மக்னீசியம் கார்பனேட் பொடியோ ஒட்டிய விரலால் லென்ஸைத் தொட்டால் கண் எரியும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவினாலோ, போட்டபடியே தூங்கினாலோ கருவிழியில் கிருமி புகுந்து பார்வையையே கெடுக்கலாம். குழந்தைக்குத் தினமும் போட்டு எறியும் வகைதான் நல்லது. அதற்கு மாதாமாதம் செலவாகும். நெசவுக் கூலியில் ஓடும் குடும்பம், செலவைக் குறைக்க ஒரே லென்ஸைப் பல நாள் போடவிட்டால் லாபம் கண்ணுக்கு நட்டமாகும். அந்த உறுதி இல்லாவிட்டால் லென்ஸ் வேண்டாம், விளையாட்டுக் கண்ணாடியே போதும் என்பேன்.

நான்காவது, இரவில் அணிந்து காலையில் கழற்றும் லென்ஸ். கருவிழியின் வடிவத்தைத் தற்காலிகமாக மாற்றிப் பகலில் கண்ணாடி இல்லாமல் பார்க்க வைக்கும். கருத்து கவர்ச்சியானது. ஆனால் கிருமி ஆபத்தும் செலவும் தொடர் பரிசோதனையும் அதிகம். எல்லாப் பவருக்கும் பொருந்தாது. சிற்றூர்க் குடும்பத்துக்கு இதை முதல் வழியாகச் சொல்ல மனம் வரவில்லை.

பவரைத் தாண்டிய பரிசோதனை

கண்ணாடித் தேர்வோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது. தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது. சிரசாசனம் செய்பவர்களைச் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவின்படி, அந்த நிலையில் அழுத்தம் சுமார் இரு மடங்காகிறது. நலமான கண்ணுக்கு இது பெரும் கவலை இல்லை. ஆனால் மைனஸ் 6-க்கு மேற்பட்ட பவருள்ள கண்ணில் விழித்திரை மெலிந்திருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை கரணம் அடிக்கத் தொடங்கும் முன் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ, கரும்புள்ளிகள் திடீரென மிதப்பது போலவோ பிள்ளை சொன்னால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஆரணியிலிருந்து வேலூர் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை தொலைவில்லை. அது இருப்பதே வேலூரின் ஆரணி சாலையில்தான்.

வெட்கமும் ஒரு காரணம்

கழற்றிவிட்டு ஆடும் வழக்கத்தின் பின்னால் பாதுகாப்பு மட்டும் இல்லை. "பொம்பளப் புள்ளைக்குச் சோடாபுட்டியா?" என்ற கேள்வியும் இருக்கிறது. பெண் பிள்ளைக்குப் பவர் இருப்பதை வெளியே காட்டிக்கொள்ளத் தயங்கும் வீடுகள் இன்றும் உண்டு. மேடையில் கழற்று, போட்டோவுக்குக் கழற்று, ஆட்டத்துக்கும் கழற்று என்று வரும் பழக்கம், கண்ணாடி ஒரு குறை என்ற எண்ணத்தை அவளுக்குள் ஊன்றிவிடுகிறது. ஆசிரியரின் கட்டளையும் தெரியாமலே அதற்குத் துணைபோகிறது.

அரசின் பங்கையும் பார்க்க வேண்டும். 2009-இல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளின் கண்ணைப் பரிசோதித்து இலவசக் கண்ணாடி கொடுத்தது. கரும்பலகை தெரியாததையே அறியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு அது பெரிய கொடை. அதன் பார்வை வகுப்பறையோடு நின்றுவிட்டது என்பதே என் குறை. பரிசோதனைப் படிவத்தில் "என்ன விளையாட்டு ஆடுகிறாய்?" என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். தாவி, விழுந்து, மோதும் ஆட்டம் ஆடும் பிள்ளைக்குப் பாலிகார்பனேட் லென்ஸும் பட்டையும் கொடுக்கலாம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளை நடத்திக்காட்டிய மாநிலத்துக்கு இது எட்டாத செலவு அல்ல.

என் முடிவு இதுதான். மைனஸ் 1-ஐ ஒட்டிய பவருள்ள பிள்ளை, தரையிலும் மெத்தையிலும் அடிப்படைப் பயிற்சி செய்யும்போது கழற்றிவிட்டு ஆடலாம், தவறில்லை. அதற்கு மேல் பவர் இருந்தாலோ, பீம், வால்ட், பார் என்று உயரமும் பறப்பும் வந்துவிட்டாலோ, பார்வையைத் திருத்தாமல் ஏற்றக் கூடாது. பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விளையாட்டுக் கண்ணாடி. கை கழுவும் ஒழுங்கும் வீட்டில் மேற்பார்வையும் உள்ள பெரிய பிள்ளைகளுக்குத் தினசரி காண்டாக்ட் லென்ஸ். பையில் மாற்றுக் கண்ணாடி ஒன்று எப்போதும். மல்லர் கம்பத்துக்கு லென்ஸ் ஒத்துவராவிட்டால், பார்வை குறைந்த நிலையில் எந்த ஆசனம் வரை போகலாம் என்று கோச்சே வரம்பு கட்ட வேண்டும். வளரும் வயதில் பவர் ஏறிக்கொண்டே போகும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசோதனை தேவை.

இவற்றுக்கெல்லாம் முன்னால், கண்ணாடி எழுதும் நாளில் அம்மாவோ அப்பாவோ பரிசோதகரிடம் பிள்ளை கரணம் அடிப்பதைச் சொல்லிவிட வேண்டும். பயிற்சிக்குச் சேர்க்கும் நாளில் கோச்சிடம் பிள்ளையின் பவரைச் சொல்லிவிட வேண்டும். இந்த இருவருக்கும் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டால், எதை அணிய வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.