பாரி நாயனத்தின் தரம்

நாகஸ்வரத்தைப் பற்றி எழுதும்போது வித்வான்களிடமிருந்து தொடங்குவது வழக்கம். பாரி நாயனத்தின் கதையை ஓர் ஆசாரியிடமிருந்து தொடங்குவதே நியாயம். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அந்த நீண்ட குழலைக் கடைந்து தரவில்லையென்றால், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி நமக்கு இந்த உருவில் கிடைத்திருக்காது.

அதற்குமுன் கோலோச்சியது திமிரி. நாலு, நாலரைக் கட்டையில் பேசும் குட்டைக் குழல். சுவாமி புறப்பாட்டுக்கும் வீதியின் இரைச்சலுக்கும் அதுதான் சரி. ஆனால் அதில் சுத்த மத்யமம் சுலபத்தில் நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் இழுத்துப் பிடிக்க வேண்டும். தோடியை விரித்து வாசிக்கிறவருக்கு இது பெரிய பாரம். ராஜரத்தினம் பிள்ளைக்குச் சுருதி இறங்கவும் வேண்டும், மத்யமம் சுத்தமாகப் பேசவும் வேண்டும். ஆசாரி குழலை நீட்டினார், துளைகளின் கணக்கை மாற்றினார். இரண்டு, இரண்டரைக் கட்டைப் பாரி கச்சேரி மேடைக்கு வந்தது.

அந்தச் சுருதியில் ராக ஆலாபனையே பிரதானமாகிற ஒரு பாணி வளர்ந்தது. காருகுறிச்சி அருணாசலம் அதன் நேர் வாரிசு. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானாவும் அந்த வழியில் நின்றவர். திருவீழிமிழலை சகோதரர்களின் பெருமை கீர்த்தனைகளைப் பாடாந்தர சுத்தத்தோடு வாசித்ததில். செம்பனார்கோவில் பரம்பரையின் பெருமை ரக்தி என்ற லய வாசிப்பில். இவற்றில் எது உசத்தி என்ற சண்டை எனக்கு உடன்பாடில்லை. ரக்தியின் லயக் கட்டைத் தோடி ஆலாபனையின் அளவுகோலால் அளக்க முடியாது.

எல்லாப் பாணிக்கும் பொதுவான அளவுகோல் சீவாளிதான். கொறுக்கைத் தட்டையிலிருந்து செய்த அந்த இரட்டை நாக்கை வித்வான் வாயில் நனைக்கிறார், விரலால் அழுத்திப் பார்க்கிறார், வாய் மூடிக்கொண்டால் ஊசியை விட்டு மெல்லத் திறக்கிறார். ஊதிப் பார்க்கிறார்; திருப்தியில்லை. குழலில் தொங்கும் சரத்திலிருந்து வேறொன்றை எடுத்துக் கெண்டையில் பொருத்துகிறார். பாரியின் கீழ் ஸ்தாயி காற்றுச் சத்தம் கலக்காமல் வருமா என்பது அங்கேயே தீர்மானமாகிவிடும். மார்கழியில் பெங்களூருக் குளிரில் கருவியின் சுருதி சற்று இறங்கும். சபைக்காரர்கள் அவசரப்படுத்தாமல், குழல் சூடேறும்வரை பொறுக்க வேண்டும்.

மேலை இசையிலும் இரட்டை நாக்குக் குடும்பம் உண்டு. அதில் மிகத் தாழ்ந்த குரல் கான்ட்ராபசூன். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர்க் குழாயை மடித்துச் செய்தது. அதற்கும் நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் 1950இல் லண்டனில் அரங்கேறியபோது பொருளுதவி செய்தவர் மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார். அந்த வாத்தியக் குழுவில் கான்ட்ராபசூனுக்கும் இடமிருந்தது. அங்கே அது பெரும்பாலும் மற்றவர்களைத் தாங்கும் அஸ்திவாரம். நம் பாரியோ தாழ்ந்த சுருதியிலேயே தலைமை ஏற்கிறது. அந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

பெங்களூரில் ஓலகம், அதாவது நாயன மேளம், இல்லாத கல்யாணம் அபூர்வம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தமிழ்க் குடும்பங்கள் நாயனக்காரரைத் தேடிப் பிடிக்கின்றன. குறை வேறிடத்தில்: அணசின் வாயிலேயே மைக்கை வைத்து, பாரியையும் திமிரிபோல அலற வைக்கிறோம். மூடிய மண்டபத்தில் பாரிக்கு மைக்கே தேவையில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

இன்னொன்று, கருவி செய்கிறவர்களுக்கான கூலியும் மரியாதையும். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் முதிர்ந்த ஆச்சா மரத்தை ஆசாரிகள் தேடி வாங்குகிறார்கள். 2022இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இனி சபைகள் விருது வழங்கும்போது, வித்வானுக்கும் தவில்காரருக்கும் பக்கத்தில் ஆசாரிக்கும் சீவாளி செய்கிறவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, சன்மானத்தையும் அதே மேடையில் கொடுக்கட்டும்.