விரல் வெளியே இருக்கட்டும்: துப்பாக்கிப் பாதுகாப்புப் பாடத்தின் மௌனம்

அமெரிக்காவில் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடப் பழக்குகிற இடங்களில் முதலில் மனப்பாடம் செய்விக்கப்படுபவை மூன்று விதிகள். குழலை எப்போதும் பாதுகாப்பான திசையில் வைத்திரு. சுடத் தயாராகும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். பயன்படுத்தத் தயாராகும்வரை குண்டு போடாதே. தேசிய ரைபிள் சங்கம் (என்.ஆர்.ஏ.) பரப்பிவரும் இவ்விதிகளை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க முயல்கிறேன்.

கண்ணில் படுவது முதலில் இதன் இலக்கணம். எல்லாம் ஏவல். ஏவப்படுபவை குழல், விரல், குண்டு. யாரை, எதற்கு என்ற கேள்விகளுக்கு இந்த வாக்கிய அமைப்பில் இடமே கிடையாது. இரண்டு விதிகளில் 'தயாராகும்வரை' என்று வருகிறது. தயாரா இல்லையான்னு முடிவு பண்றது யாரு? சுடுகிறவனேதான்.

சரி, இதிலே என்ன தப்பு என்று கேட்கலாம். விதிகள் வேலை செய்யத்தான் செய்கின்றன. ஒன்று தவறினாலும் இன்னொன்று காப்பாற்றும். விரல் தவறிப்போனாலும் குழல் சரியான திசையில் இருந்தால், குண்டு மண்மேட்டில் போய்ப் புதையும். பயிற்சிக் களத்தில் இதற்கு மேல் நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. ஆனால் இந்த ஏற்பாடு அறிந்த ஆபத்து ஒன்றே ஒன்று: விபத்து.

1975இல் வெளியான தன் தண்டனை பற்றிய நூலில் ஃபூக்கோ, 1766ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ராணுவ ஆணை ஒன்றை எடுத்துக்காட்டுகிறார். துப்பாக்கியைக் கையாளும் செயலை அது துண்டுதுண்டாகப் பிரித்து, உடலின் இன்ன உறுப்பு ஆயுதத்தின் இன்ன பாகத்தோடு சேரவேண்டும் என்று விதிக்கிறது. நம் மூன்று விதிகளும் இந்தப் பரம்பரைதான். உடல் ஒழுங்குக்குள் வந்துவிட்டால் மனமும் வந்துவிடும் என்பது இந்தச் சொல்லாடலின் அடியில் ஓடும் நம்பிக்கை. பொறுமை, கவனம், பொறுப்பு எல்லாம் துப்பாக்கி வழியே வரும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படுவதும் இதனால்தான்.

இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஒரு நாள் போதும். 2018 பிப்ரவரி 14, புளோரிடாவின் பார்க்லண்ட் பள்ளி. பதினேழு பேரைக் கொன்ற முன்னாள் மாணவன், அதே பள்ளியின் இளையோர் ராணுவப் பயிற்சிப் பிரிவில் இருந்தவன். அதன் ஏர் ரைபிள் அணியில் குறிபார்க்கப் பழகியவன். அந்தப் பிரிவுக்கு என்.ஆர்.ஏ. அறக்கட்டளை நிதி உதவி தந்திருந்தது. அன்று அவன் போட்டிருந்தது அந்தப் பிரிவின் சட்டை. இறந்தவர்களில் மூவர் அதே பிரிவின் மாணவர்கள். அவன் எந்த விதியை மீறினான்? முதல் விதியைக் காட்டலாம். ஆனால் 'பாதுகாப்பான திசை' என்பதற்குப் பாடம் தரும் விளக்கம், தவறி வெடித்தாலும் யாருக்கும் காயம்படாத திசை என்பது. அன்று எதுவும் தவறி வெடிக்கவில்லை. வேண்டுமென்றே சுடுகிறவனை இந்தப் பிரதி கற்பனை செய்யவே இல்லை.

2020இல் அமெரிக்காவில் ஒன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி ஆனது. அதுவரை முன்னால் நின்றவை வாகன விபத்துகள். துப்பாக்கிச் சாவுகளில் பெரும்பங்கு கொலை, அடுத்தது தற்கொலை. தவறி வெடித்ததால் வந்த சாவு சிறு பங்கு. பாடத்தின் முழுக் கவனமும் அந்தச் சிறு பங்கின் மேல்.

பிள்ளைக்கு எட்டாதபடி ஆயுதத்தை வை என்று ஒரு விதியும் இருக்கத்தான் செய்கிறது. அது மூன்றில் ஒன்றாக இல்லை. கூடுதல் விதிகளின் பட்டியலில் கிடக்கிறது. கொலையையும் தற்கொலையையும் தொடக்கூடிய விதி அது ஒன்றுதான். அது பேசுவதும் பிள்ளையிடம் அல்ல, வீட்டுப் பெரியவரிடம். பெரியவரின் பூட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பிள்ளையின் விரலை முன்னே நிறுத்துகிற இந்த வரிசையில்தான் அரசியல் இருக்கிறது என்கிறேன்.

2021 நவம்பரில் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு தகப்பன் பதினைந்து வயது மகனுக்காகக் கைத்துப்பாக்கி வாங்கினான். மறுநாள் தாய் மகனைச் சுடுகளத்துக்குக் கூட்டிப்போனாள். மேலும் மூன்று நாளில் அவன் பள்ளியில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். 2024இல் தாய், தகப்பன் இருவரையும் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. துப்பாக்கியை ஏன் பூட்டவில்லை என்று அங்கே கேட்டார்கள். பாடப்புத்தகம் முதல் பக்கத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.