குடை திரும்பியது, மழை எங்கே?

சாரல் காலத்தில் குற்றாலக் காற்றில் குடை மறுபுறம் திரும்புவதைக் காணாதவர் தென்காசியில் இரார். கரிம வேதியியல் பாடநூல்கள் எஸ்.என்.2 வினைக்கு இதையே உவமையாக்குகின்றன. குளோரைடு அயனி மெத்தில் குளோரைடின் கார்பனைப் பின்புறமாகத் தாக்குகிறது. பழைய குளோரின் விலக, மூன்று ஹைட்ரஜன்களும் மறுபக்கம் மடங்குகின்றன. உவமை சரியே. அருகில் வரையும் ஒற்றை மலை போன்ற ஆற்றல் வரைபடந்தான் குறையுடையது. மலை எதனால் எழுந்தது என்று நூல் சொல்வதில்லை. பிணைப்பு அறுவதால் மட்டுமே என மாணவர் எண்ணிவிடுகின்றனர்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியராக விளங்கிய ஜே. சந்திரசேகர், ஸ்மித், ஜார்கென்சன் ஆகியோருடன் 1985இல் வெளியிட்ட கணிப்பொறி ஆய்வு இதைத் தெளிவாக்கியது. வாயு நிலையில் இரு பள்ளங்கள், இடையே ஒரு மேடு. நீரிலோ மோலுக்கு ஏறத்தாழ 26 கிலோகலோரி உயரமுள்ள மலை. சோதனை அளவும் அதையொட்டியதே. குளோரைடில் செறிந்த மின்னூட்டத்தை நீர் இறுகப் பற்றுகிறது. வினையின் நடுவே மின்னூட்டம் இரு குளோரின்களிலும் பரவுவதால் அப்பிடி தளர்கிறது. ஆகவே மலையின் பெரும்பகுதி நீரின் கொடை!

இரு வரைபடங்களையும் அருகருகே அச்சிட அரைப் பக்கம் போதும். சாரலில் நனைந்து வரும் மாணவர்க்கு மழையில்லாத குடையைக் காட்டுவானேன்?