கையடக்கத் தொலைபேசியின் வடிவமும் வாழ்நாளும்

கலைப்படைப்பொன்றை மதிப்பிடுகையில் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்து நோக்கலாகாது என்பர் திறனாய்வாளர். நாம் அன்றாடம் கையாளும் கருவிகளுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். சுற்றாடலுக்கு இசைவானவை எனப் போற்றப்படும் கையடக்கத் தொலைபேசிகளின் வடிவமைப்பை அவ்வாறு மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு தொலைபேசி சுற்றாடலுக்கு விளைவிக்கும் கேட்டின் பெரும்பகுதி, அது நம் கைக்கு வருமுன்னரே நிகழ்ந்துவிடுகிறது. கோபால்ற்று, லிதியம், பொன் ஆகியவற்றை அகழ்வதும் நுண்சில்லுகளை ஆக்குவதும் பெருமளவு ஆற்றலையும் நீரையும் விழுங்குவன. பெட்டியிலுள்ள பிளாஸ்டிக்கைக் குறைப்பதால் வரும் பயன் சிறிது. ஒரே கருவியை நெடுங்காலம் பயன்படுத்துவதால் வரும் பயன் பெரிது. தொலைபேசிகள் உட்பட, 2022 ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 சதவீதமே.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 3310 இன் மின்கலத்தை எவரும் விரலாற் கழற்றி மாற்றலாம். பின்வந்த கருவிகளிற் பெரும்பாலானவை மெலிவையும் பளபளப்பையும் வேண்டிப் பசையால் ஒட்டி மூடப்பட்டன. உருவம் வாழ்நாளை விழுங்கிற்று எனலாம்.

இப்போக்குக்கு மாறாக எழுந்தது நெதர்லாந்தின் ஃபெயார்போன் நிறுவனம். 2013 இல் தோன்றிய இந்நிறுவனம் 2015 இல் வெளியிட்ட இரண்டாவது தொலைபேசியின் திரையைக் கருவி எதுவுமின்றி மாற்ற முடிந்தது. எனினும் முரண்பாடு இங்கும் உண்டு. 2021 இல் வந்த நான்காவது தொலைபேசியிற் செவிக்கருவித் துளை நீக்கப்பட்டது; கூடவே மின்கலம் வேண்டும் கம்பியில்லாச் செவிக்கருவி விற்பனைக்கு வந்தது. பழைய கம்பிச் செவிக்கருவிக்கு மின்கலமே தேவையில்லை.

இவ்வடிவமைப்புகள் எவரைச் சென்றடைகின்றன என்பதே அடுத்த வினா. ஃபெயார்போனின் சந்தை பெரும்பாலும் ஐரோப்பாவே. 2025 யூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதிகள், ஒரு வகைத் தொலைபேசியின் விற்பனை முடிந்த பின்னும் முக்கிய உதிரிப்பாகங்களை ஏழாண்டுகள் வழங்குமாறு பணிக்கின்றன. அவ்வுரிமை பாண்டிருப்புவாசிக்கு இல்லை. அவர் நம்பியிருப்பது அயலிலுள்ள கல்முனைக் கடைத்தெருவின் திருத்துநரையே. ஒட்டிய பசையைச் சூடேற்றி இளக்கி, பழுதடைந்த கருவியிலிருந்து எடுத்த பாகத்தால் இன்னொன்றை உயிர்ப்பிப்பவர் அவர். 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் ரூபாயின் பெறுமதி வீழ்ந்து புதிய கருவிகள் எட்டாக்கனியானபோது இத்தொழிலின் அருமை நன்கு புலப்பட்டது.

வடிவமைப்பாளன் பூட்டியதைத் திறப்பதிலேயே இத்திருத்துநரின் திறமை செலவாகின்றது. பாகமும் திருத்தும் வழிகாட்டியும் கல்முனைக்கு வந்துசேராதவரை எந்தத் தொலைபேசியின் வடிவமைப்பும் முழுமைபெற்றதாகாது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தினர் இத்திருத்துநர்களின் அனுபவ அறிவைத் தொகுத்து ஆராய்வாராயின், நமது மண்ணுக்கேற்ற வடிவமைப்புச் சிந்தனைக்கு அது தொடக்கமாகும்.